சப்பென்றிருந்தால் என்ன சொல்வது?

மன்னார்க் கடலோரத்து முசலிப் பகுதியில் மீனுக்குக் குறைவில்லை. மன்னாரின் உப்பளங்களும் தொலைவில் இல்லை. ஆயினும் சிலாவத்துறையிலும் அரிப்பிலும் சில நாள் கறி ‘சப்பென்று’ அமைந்துவிடுவதுண்டு. தமிழில் அந்த ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் எழுதப் புகும் மாணவரோ எல்லாவற்றையும் ‘டேஸ்ட்லெஸ்’ என்று முடித்துவிடுகின்றனர். அது பிழையன்று. எனினும், பண்பற்ற பகடியையும் அச்சொல் குறிக்கும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

தக்க சொல்லைத் தெரிவதற்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: குறை எங்கே உள்ளது?

சொதியில் உப்பு மட்டும் குறைந்திருந்தால், ‘இட் நீட்ஸ் சால்ட்’ என்றால் போதும். சமைத்தவர் மனமும் நோகாது. நீர் மிகுந்திருந்தால் ‘வாட்டரி’. காற்றுப் போன சோடா ‘ஃப்ளாட்’.

‘பிளாண்ட்’ என்னும் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு மென்மை என்பது பொருள். காரமும் புளிப்பும் இல்லாத உணவை அது குறிக்கும். வயிற்று நோயாளிக்குக் காய்ச்சும் கஞ்சி அத்தகையதே. அது குறையன்று, மருந்து.

‘இன்சிப்பிட்’ அவ்வளவு சாதுவான சொல்லன்று. சுவைத்தல், அறிதல் ஆகிய இரண்டையும் குறித்த இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்னும் மனித இனப் பெயரும் அவ்வினையின் வழி வந்ததே. உணவில் உயிரே இல்லை என்று தீர்ப்புக் கூறும் இச்சொல்லை விருந்தளித்தவர் முன் கூறுவது முறையன்று.

இனி, குறை உணவில் இல்லாமல் உண்பவரிடம் இருப்பதும் உண்டு. நாம் சுவை என்று கருதுவதிற் பெரும்பகுதி மூக்கின் வழி வரும் மணமே. அதனாலேயே சளி பிடித்தவருக்கு நல்ல மீன்குழம்பும் சப்பென்றிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் பரவிய கோவிட் நோயில் மணமும் சுவையும் இழந்தோர் உலகெங்கும் பலர்.

தமிழறியாத வைத்தியரிடம் வீட்டு மூதாட்டிக்காக மொழிபெயர்க்கும் மாணவி, ‘த ஃபுட் இஸ் டேஸ்ட்லெஸ்’ என்றால், சமையலைக் குறை கூறுவதாகவே அவர் எண்ணுவார். ‘ஷி காண்ட் டேஸ்ட் எனிதிங்’ என்றால், நோயை ஆராய்வார். பரீட்சையில் இத்தகைய தவறுக்குப் போவது ஒரு புள்ளி, வைத்தியசாலையில் அவ்வாறன்று. ஆகவே, அகராதியைப் புரட்டுமுன் குறை உணவிலா, நாவிலா என்று மாணவர் கேட்டறிந்துகொள்வாராக.