திண்ணை வரை வருபவர்

 

நம் முன்னோர் வீட்டு வாசலில் திண்ணை வைத்தார்கள். வழிப்போக்கர் இளைப்பாறலாம், ஊரார் அமர்ந்து பேசலாம், தாகம் என்றால் உள்ளிருந்து செம்பில் தண்ணீர் வரும். ஆனால், திண்ணையைத் தாண்டினால் நிலைப்படி. அதில் ஒரு கதவு. கதவுக்குப் பின் ஒரு திரை. வருபவரைக் கண்ணியப்படுத்துவதும் வீட்டாரின் மறைவைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நம் இல்லங்களுக்குக் கேபிள் வழியே இன்னொரு வாசல் வந்துவிட்டது. அதற்குத் திண்ணை வைத்தோமா?

தருமபுரி மாவட்டத்தில் நான் பணிபுரியும் மதரஸாவில் நடந்ததைக் கூறுகிறேன். பெண்பிள்ளைகளும் ஓத வருவதால், வாயிலிலும் நடையிலும் கேமரா பொருத்தினோம். பெங்களூரில் தொழில் செய்யும் நிர்வாகி ஒருவர் அங்கிருந்தே கைப்பேசியில் பார்க்க விரும்பினார். பொருத்த வந்தவர் ரூட்டரில் ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டார். படம் தெரிந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம்.

எட்டு மாதங்கள் கழித்து, கணினி பயின்ற பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தார். ரூட்டரின் அமைப்புகளைப் பார்த்தவர், "ஹஜ்ரத், உங்கள் ரெக்கார்டருக்குக் கதவே இல்லையே!" என்றார். 'டி.எம்.இசட்.' என்னும் வசதி இயக்கப்பட்டிருந்தது. ரெக்கார்டரின் கடவுச்சொல்லோ, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததேதான். பிள்ளைகளின் சேர்க்கைப் படிவங்கள், ஆதார் நகல்கள், பெற்றோரின் தொலைபேசி எண்கள் அனைத்தையும் கொண்ட அலுவலகக் கணினியும் அதே வலையில்தான் இருந்தது. எவரேனும் எட்டிப் பார்த்தார்களா என்று அறிய, ரெக்கார்டரில் பழைய பதிவேதும் மிஞ்சவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நபி (ஸல்) அவர்களின் அறைத் துளை வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அண்ணலார் அதைக் கடுமையாகக் கண்டித்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அனுமதி கேட்டு நுழையும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் ஏற்பட்டது என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம். ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனம் பிறர் இல்லத்துள் நுழையும் ஒழுக்கத்தைப் போதிக்கிறது. அந்தப் பாடத்தை நாள்தோறும் நடத்தும் நானே ஒரு துளையை அடைக்காமல் விட்டிருந்தேன்!

டி.எம்.இசட். என்ற பெயர், போர்முனையிலிருந்து வந்தது. 1953இல் கொரியப் போர் நிறுத்தப்பட்டபோது, இரு கொரியாக்களுக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலத்தில் படைகளற்ற ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. கணினி வல்லுநர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வெளியுலகம் அணுக வேண்டிய கருவியை இடைநிலத்தில் வைத்து, வெளிப்புறம் ஒரு காவலும் உட்புறம் ஒரு காவலும் அமைப்பார்கள். இடைநிலக் கருவி பகைவர் கையில் வீழ்ந்தாலும் உள்வீடு தப்பும். இதுவே உண்மையான திண்ணை.

ஆனால், வீட்டு உபயோக ரூட்டர்கள் பலவற்றில் அதே பெயரில் உள்ள வசதி இடைநிலம் எதையும் உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து தட்டும் தட்டல்களையெல்லாம் ஒரே கருவியிடம் அனுப்பிவிடுகிறது. அந்தக் கருவியோ மற்றவற்றுடன் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கிறது. பெயர் திண்ணை, இருப்பதோ நடுவீடு!

பிரித்து வைப்பதன் பயனை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்தது. நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் அக்கணினி இருந்தது என்றும், முக்கியமான உள்வலை அதனின்று தனித்து வைக்கப்பட்டிருந்தது என்றும் இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று அறிவித்தது. மாறாக, 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது ஐந்து சர்வர்களின் தகவல்கள் பூட்டப்பட்டன; நோயாளிகளின் பதிவுகளைப் பல நாட்கள் கையால் எழுத நேர்ந்தது. வலையைச் சரிவரப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். சிலர் கோபப்பட்டார்கள், அது அவர்களின் உரிமை. ஒரு தாய் மட்டும், "எங்கள் வீட்டிலும் கேமரா இருக்கிறதே ஹஜ்ரத், அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவதாக, ரூட்டர், கேமரா, ரெக்கார்டர் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பெருமளவில் வசப்படுத்தித்தான், 2016இல் 'மிராய்' என்னும் தீய மென்பொருள் பெரும் இணையதளங்களையே முடக்கியது.

இரண்டாவதாக, ரூட்டரில் டி.எம்.இசட். இயங்கினால் அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ரூட்டரையே நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள்.

மூன்றாவதாக, 'கெஸ்ட்' எனப்படும் விருந்தினர் வைஃபை இருந்தால் அதை இயக்குங்கள். உள்வலையை விருந்தினர் அணுகலாம் என்ற அனுமதி இருப்பின் நீக்குங்கள். விருந்தாளிகளின் கைப்பேசியும், வைஃபையில் இயங்கும் கேமராவும் தொலைக்காட்சியும் அங்கே இருக்கட்டும்.

அவ்வசதி இல்லாதோர் இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைக்கலாம். அதன் இணையத் துளையை முதல் ரூட்டரின் துளை ஒன்றோடு கேபிளால் இணைக்க வேண்டும். இரண்டின் உள்முகவரி வரிசைகளும் வைஃபை கடவுச்சொற்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ரெக்கார்டர் வெளி ரூட்டரில். குடும்பத்தாரின் கணினியும் கைப்பேசிகளும் உள் ரூட்டரில். உள்ளிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து தாமாக உள்ளே நுழைய உள் ரூட்டர் இடம் தராது. எங்கள் மதரஸாவில் இதையே செய்தோம். செலவு ஒரு ரூட்டரும் ஒரு முழக் கேபிளும்தான். பெங்களூர் நிர்வாகி இப்பொழுது ரெக்கார்டரின் சொந்தச் செயலி மூலம் வாயிலைப் பார்க்கிறார்.

குடும்பத்தாரின் புகைப்படமும் பிள்ளைகளின் விவரமும் நம்மிடமுள்ள அமானிதங்கள். இம்மாதமே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, உங்கள் வீட்டு ரூட்டரைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளையோ மகனையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நம் இல்லங்களின் மறைவை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.