பாரத்தை யார்மேல் போடுவது?

எங்கள் மாவட்டத்துக் கல்யாணப் பத்திரிகைகளைக் கொஞ்ச காலம் சேர்த்து வைத்தாலே போதும், கன்னியாகுமரியின் சமய வரலாறு கைக்குள் வந்துவிடும். சிஎஸ்ஐ வீட்டுப் பத்திரிகை என்றால் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று ஆரம்பிக்கும். தக்கலை, தேங்காய்ப்பட்டினம் பக்கத்திலிருந்து வருவதில் ‘இன்ஷா அல்லாஹ்’ இருக்கும். சாமிதோப்புப் பதியைக் கும்பிடுகிறவர்கள் ‘அய்யா துணை’ என்று போடுவார்கள். சுசீந்திரத்துக்காரர்களுக்குத் தாணுமாலயன் துணை. இவ்வளவையும் ஆண்டவன் பெயரில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வரியில் முகூர்த்த நேரம் நிமிடக் கணக்கோடு இருக்கும். எந்த மண்டபம், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், வடசேரியிலிருந்து எந்த பஸ் என்பது வரை இருக்கும்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தே ஒரு வருடம் ஆகியிருக்கும். அடைப்பிரதமனா, சிறுபயற்றுப் பாயசமா, பால் பாயசத்துக்குப் போளி உண்டா இல்லையா என்று பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் பஞ்சாயத்து நடந்து முடிந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே அந்த ஒரு வரி ஏறுகிறது.

இதைக் கிண்டல் செய்கிற படித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். “எல்லாம் நீங்களே முடிவு பண்ணிட்டு, கடைசியில கையெழுத்துக்கு மட்டும் கடவுள்கிட்ட போறீங்களா?” என்று என் அண்ணன் மகள் ஒருமுறை கேட்டாள். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அந்தச் ‘சித்தமானால்’ வழக்கத்துக்கு மூலம் யாக்கோபு எழுதிய நிருபம். வெளியூர் போய் ஒரு வருடம் இருந்து வியாபாரம் செய்யப் போவதாக உறுதியாகப் பேசுகிறவர்களை அது கண்டிக்கிறது. ஊருக்குப் போகாதே, கடை போடாதே என்று அது எங்கும் சொல்லவில்லை. நாளையைக் கையில் வைத்திருப்பதுபோல் பேசாதே என்கிறது, அவ்வளவுதான். மூட்டையைக் கட்டு, கணக்கைப் போடு, ஆனால் பெருமை பேசாதே.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதை யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. கன்னிப்பூ சாகுபடிக்கு விதைக்கும்போது தென்மேற்குப் பருவமழை எப்போது இறங்கும் என்று அவருக்குத் தெரியாது. ஜூன் தொடக்கத்தில் பேச்சிப்பாறை அணை திறந்தால் தண்ணீர் வரும் என்று தெரியும். கடைவரம்பு வரை வருமா என்று தெரியாது. அந்தத் தெரியாத பகுதிக்காகத்தான் ஆடியில் நிறைபுத்தரிசி. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் அன்று நெற்கதிர்க் கட்டைச் சன்னிதியில் வைத்துப் பூஜை செய்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டி வைப்போம். வயலில் பெரும்பகுதி அப்போது அறுவடைக்கே வந்திருக்காது. களத்துக்கு நெல் வரும் முன்பே சாமிக்குக் கதிர் போய்விடுகிறது.

ஆனால் வேண்டுதலுக்கும் விளைச்சலுக்கும் நடுவில் ஒரு பொறியாளரும் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையை 1897-இல் ஆரம்பித்து 1906-இல் முடித்தார்கள். திருவிதாங்கூரை மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். கட்டியவர் மிஞ்சின் என்ற ஆங்கிலேயர். அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழை பெய்ய வைக்க அவரால் ஆகாது. பெய்த மழையை மாசி வரை நிறுத்தி வைக்க ஆகும். அதைச் செய்தார். நாம் அதற்குப் பிறகு எத்தனை குளங்களைத் தூர்த்து வீட்டு மனை போட்டோம் என்பது வேறு கதை. அந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியாத நாளையைப் பற்றி மனிதர்களுக்குப் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்துக்கு மருந்தாக நாம் கண்டுபிடித்திருக்கும் வழிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். அம்மன் சன்னிதியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுக்கிறோம். ஜனவரி 1 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க அதுதான் நமக்கான வசனம். பக்கத்து வீட்டு மாமி ஒருவர் எடுத்துப் படித்துவிட்டு, முகம் சுருங்க, “இது நமக்குள்ளது இல்ல” என்று திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாவது அட்டையில் ஆசீர்வாதம் வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகன் வளைகுடாவில், மகள் நர்சிங் முடித்து விசாவுக்குக் காத்திருக்கிறாள். இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளின் நாளை ஏதோ ஒரு தூதரகத்தின் மேஜையில் கிடக்கிறது.

அட்டை எடுப்பது நம்பிக்கையா என்று கேட்டால், ஆறுதல் என்று சொல்லலாம். நம்பிக்கை எப்படி இருக்கும் என்று பார்க்க, மேற்கே இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை உள்ள எட்டுக் கடற்கரை ஊர்களுக்குப் போக வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. சுறாவும் சூறையும் தேடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலிருந்து புறப்பட்டு லட்சத்தீவு, குஜராத் பக்கம் என்று பத்து நாள், இருபது நாள், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேலே கடலில் கிடப்பவர்கள்.

படகு புறப்படும் முன் கரையில் நின்று பார்த்தால் திட்டமிடுதல் என்றால் என்ன என்று தெரியும். டீசல் கேன் கேனாக இறங்கும். ஐஸ் கட்டிகளை உடைத்துக் கீழ் அறையில் நிரப்புவார்கள். அரிசி, குடிதண்ணீர், கேஸ் சிலிண்டர், மாத்திரை, தூண்டில், கயிறு. ஒரு தீப்பெட்டி குறைந்தாலும் நடுக்கடலில் போய் வாங்க முடியாது. எல்லாம் ஏறிய பிறகு மாதா படத்துக்கு முன்னால் ஒரு செபம். முன்பெல்லாம் சிறு கட்டுமரங்களில் போனவர்கள் கடலில் நின்றுகொண்டு, கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்துத் தாங்கள் நிற்கும் இடத்தைக் கணிப்பார்கள். கணியம் பார்ப்பது என்பார்கள். செபம் சொன்ன அதே கோபுரம்தான் வழி காட்டவும் செய்தது.

அந்தக் கரையில் வயதாகிக் கடலை விட்டுவிட்ட ஒருவரிடம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். பயம் இல்லையா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “ஐஸ் கொறைஞ்சா மீன் போவும், டீசல் கொறைஞ்சா ஆள் போவும். அதை நாங்க பாத்துக்கிடுவோம் சார். காத்து வருதுன்னு சொல்ல வேண்டியது உங்க ஆளுகளாக்கும்” என்றார். உங்க ஆளுகள் என்றது கரையில் அலுவலகம் வைத்திருப்பவர்களை. நாகர்கோவிலிலிருந்து பேன்ட் சட்டையோடு போன என்னையும் சேர்த்துத்தான்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேறி ஒரு வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அன்று காலையில் ஒக்கி புயலாகிவிட்டது. கரையில் ரப்பர் மரங்கள் முறிந்தன, வாழைத் தோட்டங்கள் படுத்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. எங்களுக்கு அது ஓடு பறந்த, மரம் விழுந்த புயல். கடற்கரைக்கு அது வேறு. பத்து, பதினைந்து நாளுக்கு முன்பே புறப்பட்டுப் போனவர்களிடம் யார் போய்ச் சொல்வது? செல்போன் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் தாண்டினால் ஊமை. படகில் இருந்த வயர்லெஸ்ஸும் பக்கத்தில் நிற்கும் படகோடு பேசத்தான் உதவும். நூற்றுக்கணக்கான கடல் மைலுக்கு அப்பால் நின்றவர்களுக்குப் புயல் வந்துதான் புயல் வருவதைச் சொன்னது.

தப்பியவர்கள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவின் தேவ்கட்டிலும் குஜராத்தின் வேராவலிலும் போய் ஒதுங்கினார்கள். தப்பாதவர்களைத் தேடும் கப்பல்கள் இன்னும் தூரம் போக வேண்டும் என்று கேட்டு டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். செபமாலை கையில் இருந்த பெண்கள்தான் கோஷமும் போட்டார்கள். கடவுளை நம்புகிறவர்கள் ஏன் ரயிலை மறிக்க வேண்டும் என்று கேட்ட மேதாவிகள் உண்டு. கடவுளிடம் கேட்க வேண்டியதைக் கோயிலில் கேட்டார்கள். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை வேறு எங்கே போய்க் கேட்பது?

உடல் கிடைக்காத வீடுகளின் நிலை இன்னும் கொடுமை. ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம் என்பது சட்டம். அதுவரை அந்த மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. எழுந்த குரல்களால் தமிழக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அதற்கும் போராட வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் எனக்குப் பிடிக்காமல் போன பேச்சு ஒன்று உண்டு. ‘இயற்கையின் சீற்றம், நாம் என்ன செய்ய முடியும், எல்லாம் கடவுள் செயல்.’ கணவனைக் கடலில் கொடுத்த பெண் இதைச் சொன்னால் தலை வணங்குவேன். அவள் தன்னால் ஆனதைச் செய்து முடித்தவள், மிச்சத்தைக் கடவுள்மேல் போட அவளுக்கு உரிமை இருக்கிறது. எச்சரிக்கை அனுப்ப வேண்டிய நாற்காலியில் இருந்துகொண்டு இதையே சொல்கிறவர் பக்திமான் அல்ல. தன் வேலையைக் கடவுள் தலையில் கட்டுகிறவர்.

ஒக்கிக்குப் பிறகு நிலைமை மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். சாட்டிலைட் போன் வந்தது. இஸ்ரோவின் நாவிக் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் வந்தன. எச்சரிக்கைகள் பெருகின. இப்போது கரையில் கேட்கும் குறை வேறு: கடல் சும்மா கிடக்கிற நாளிலும் போகாதே என்கிறார்கள், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பங்கு போயிற்று என்கிறார்கள். அதுவும் நியாயமான குறைதான். பொய்த்துப் போகும் எச்சரிக்கை, அடுத்த எச்சரிக்கையின் மதிப்பையும் குறைத்துவிடும். இன்னொரு பக்கம், 2024 மே மாதத்தில் கள்ளக்கடல் எனும் திடீர்ப் பேரலை வரும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தும், நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்கு வந்த ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் இறங்கி அலையில் போனார்கள். எச்சரிக்கை இருந்தது. அந்த மணலில் நின்ற பிள்ளைகளை அது தடுக்கவில்லை.

ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உள்ள விசித்திரம் எங்களுடையது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்கே பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் படகு கரையில் கட்டிக் கிடக்கும். வட்டிக்கு வாங்கி இன்ஜின் பார்த்து, பெயின்ட் அடித்து, வலையும் தூண்டிலும் சரிசெய்து வைப்பார்கள். தடைக்காலம் முடியும் தறுவாயில் பங்குத்தந்தை வந்து படகுகளை மந்திரிப்பார். தீர்த்தம் தெளிப்பார். நல்ல வழக்கம். அதை யாரும் விட்டுவிட வேண்டாம்.

அந்தப் பங்குத்தந்தைகளிடமும் ஊர்க் கமிட்டிகளிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்த முறை மந்திரிப்புக்கு முன்னால் ஒவ்வொரு படகிலும் ஏறிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, சாட்டிலைட் போனுக்குப் பணம் கட்டியிருக்கிறதா, நாவிக் கருவி வேலை செய்கிறதா, யார் யார் ஏறுகிறார்கள் என்ற பட்டியல் ஒரு பிரதி கரையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத படகுக்கு, “போய் வாங்கிட்டு வா மக்கா, தீர்த்தம் இங்கதான் இருக்கும்” என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மீன்வளத் துறை சொன்னால்கூட அந்த அளவுக்குக் கேட்க மாட்டார்கள். படகுகள் புறப்பட ஆகஸ்ட் 1 வரை நேரம் இருக்கிறது.