மரக்காணத்துக்கு மறுபடியும் படகு வருமா? பக்கிங்ஹாம் கால்வாயின் கதை

மரக்காணம்னதும் ஈசிஆர் ஓர உப்பளங்கள்தான் நினைவுக்கு வரும். ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கும் சுமார் 420 கி.மீ. நீள பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இந்தப் பழைய துறைமுக ஊரில்தான்.

எப்படி வந்தது?

1806-ல் சென்னை - எண்ணூர் இடையே தொடங்கிய கால்வாய், கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1876-78 பஞ்சத்தில் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து, சென்னைக்குள் அடையாறு - கூவம் இடையே வெட்டி இணைத்தார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் வந்தது. கடல் கொந்தளித்தாலும் உப்பும் விறகும் படகில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

ஏன் நின்றது?

ரயிலும் லாரியும் சரக்கைப் பிடித்துக்கொண்டன. 1960-களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பிறகு சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களே கால்வாய்க்குள் இறங்கின.

இப்போ நிலை என்ன?

2008-ல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 4-ல் காக்கிநாடா - புதுச்சேரி கால்வாய் வழியும் இருக்கு. ஆனா, சென்னைக்குள் சரக்குப் படகு நுழையவே இடமில்லை.

நமக்கென்ன?

பள்ளிக்கரணை மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாய்க்கு வந்துதான் முட்டுக்காட்டில் கடலைச் சேரணும். கால்வாய் தூர்ந்தால், தண்ணீர் வீட்டுக்குள் வரும். படகு வருதோ இல்லையோ, தூர்வாருவது கட்டாயம்.