ஹைட்ரோஸ் டிரம்மும் மண் வாளியும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயப்பட்டறை நடத்துகிறவர்கள் மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

"சார், ஹைட்ரோஸ் என்ன, உப்பு மாதிரி தானே? இருபது வருஷமா ஓட்டறோம், ஒண்ணும் ஆனதில்லீங்க." இதை என்னிடம் படித்த பலபேர் வாயாலேயே கேட்டுவிட்டேன். பேர் சொல்லவில்லை. பதில் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளையாக, பொடியாக இருப்பதால் அது உப்பாகிவிடாது. பாலியஸ்டர் கலந்த துணியை ரிடக்‌ஷன் வாஷ் செய்யவும், ஷேடு தப்பினால் சாயத்தை உரிக்கவும் நீங்கள் கொட்டுகிற அந்தப் பொடியின் டிரம்மில் ஒரு சாய்சதுரம் ஒட்டியிருக்கும். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி சிவப்பு, நடுவே தீச்சுடர். ஐ.நா. எண் 1384, வகுப்பு 4.2. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அர்த்தம். பல இடங்களில் அந்த ஸ்டிக்கர் கிழிந்து தொங்குகிறது, இல்லையென்றால் அதன் மேலேயே மார்க்கரில் ஸ்டாக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

அந்த எண்ணை யாரும் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. தானாகச் சூடேறும் பொருளா என்று பார்க்க, கம்பி வலைக் கனசதுரத்தில் பொடியை நிரப்பி, 140 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைப்பார்கள். உள்ளே வெப்பம் 200 டிகிரியைத் தாண்டினால் 4.2. உலோகப் பொடி என்றால் 25 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடாகக் கொட்டி ஒரு முனையில் பற்றவைத்து, மறுமுனைக்குத் தீ போக எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள்.

பொருள் இருக்கும் நிலை மாறினால் ஆபத்தும் மாறும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் லைட்டரின் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சீரியம் போன்ற அருமண் உலோகங்களோடு இரும்பு சேர்ந்த கலவை அது. 1903-இல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கியது. (பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் அவர் கண்டுபிடிப்பில் வந்ததுதான்.) நம்ம மணவாளக்குறிச்சி கடல் மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் சீரியம் உண்டு. அது கட்டியாகவோ கம்பியாகவோ இருந்தால் வகுப்பு 4.1, எண் 1333. அதையே கடைந்து சுருளாக, பொடியாக ஆக்கினால் 4.3, எண் 3078. அதாவது தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடும் பொருள். உலோகம் ஒன்றுதான், ஸ்டிக்கர் வேறு.

ஹைட்ரோஸ் கதையும் அதுதான். மூடிய டிரம்மில் காய்ந்து கிடக்கும்வரை சாது. ஈரமான மக்கை உள்ளே விட்டு அள்ளினாலோ, மழைக்காலத்தில் மூடியைத் திறந்தே போட்டாலோ, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பட்டாலோ உள்ளே சூடு ஏறும். கந்தக டை ஆக்சைடு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். 1995 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து லோடி என்ற ஊரில், நாப் டெக்னாலஜீஸ் ஆலையின் கலவை இயந்திரத்தில் இதே ஹைட்ரோஸும் அலுமினியப் பொடியும் இருந்தன. உள்ளே ஈரம் போனது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது கோடவுன் சுவரில் தொங்கும் சிவப்பு மண் வாளியைப் பார்க்கும்போதுதான். மண்ணைப் போட்டு மூடுவது காற்றைத் தடுக்க. ஹைட்ரோஸ் எரிய வெளிக்காற்றே வேண்டாம். அமெரிக்க, கனடிய தீயணைப்பு வீரர்கள் கையோடு வைத்திருக்கும் அவசரகால வழிகாட்டி, 1384-க்கு இதைத் தனியாகவே குறிப்பிடுகிறது: மூடி அணைக்க முடியாது, வெள்ளமாகத் தண்ணீர் விட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தீயை மூட்டும், ஏராளமான தண்ணீர்தான் நிறுத்தும். ஒரு பக்கெட் தண்ணீரோடு ஓடுகிற பையனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவன் செய்ய வேண்டியது வெளியே ஓடி 101-க்குப் போன் போடுவது.

"சேஃப்டி டேட்டா ஷீட் ஃபைலில் இருக்குதுங்க சார்." இருக்கும், ஆடிட் நாளன்று பையரின் ஆள் புரட்டிப் பார்க்க ஆபீஸ் பீரோவில் இருக்கும். டிரம்மைத் திறப்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். ஷீட் இங்கிலீஷில். போபாலில் 1984-இல் அத்தனை உயிர் போன பிறகுதான், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலை நடக்கும் ஆலையில் ஆபத்து என்ன என்பதை முதலாளி தொழிலாளியிடம் சொல்லியாக வேண்டும் என்று. பீரோவுக்குச் சொல்லச் சொல்லவில்லை.

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை கண்ணுகளா. ஹைட்ரோஸுக்கு என்று தனியாக ஒரு காய்ந்த மக். தரையிலிருந்து உயர்த்திய பலகை. ஒழுகாத கூரை. பெராக்சைடு கேன் பக்கத்தில் வேண்டாம். அள்ளியவுடன் மூடி. கதவில் பெரிய எழுத்தில் நாலு வரி. தமிழ் வரியை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். இந்தி, ஒடியா வரிகளை உங்கள் பட்டறையில் வேலை செய்கிறவர்களையே எழுதச் சொல்லுங்கள். என் கையெழுத்தைவிட அவர்கள் கையெழுத்து நன்றாகவே இருக்கும்.