கடிக்க முடியாத ரப்பர்

"பசியாறியாச்சா?" என்று நாம் கேட்கிறோம். "சூடா மாக்கான்?" என்கிறார் மலாய்க்காரர். சாப்பிட்டாயிற்றா என்பதையே சீனரும் தம் மொழியில் நலம் விசாரிக்கும் சொல்லாக வைத்திருக்கிறார். ஆயர் தாவார் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு நின்றால் இம்மூன்றும் ஒருங்கே காதில் விழும். மூன்று இனத்தாரும் தகராறில்லாமல் ஒத்துப்போகும் விஷயங்களில் வயிறு ஒன்று.

ஆனால் ஏழு மணிக்குக் கடையில் உட்கார்ந்திருப்பவர் பால்வெட்டுத் தொழிலாளி அல்லர். வெயில் ஏறுமுன்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். சூடு ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகையால் இருட்டோடு நிறைக்குப் போனவருக்குப் பசியாறல் என்பது மரம் பார்த்துக் கொடுக்கிற தயவு. போத்தலில் ஆறிப்போன கோப்பியும், கொசுவோடு பங்கு போட்டுக்கொள்ளும் ரொட்டியுந்தான் அவருடைய சாப்பாட்டுக் கடை. சுடச்சுட ரொட்டி சானாய் பிய்ப்பவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. கிராணிமார் கோபித்துக்கொள்வார்கள், அவர்களும் பெரட்டுக்கு எழுந்து நின்றவர்கள்தாமே!

ஊர்ப் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆயர் என்றால் தண்ணீர். தாவார் என்றால் உப்பில்லாதது. லுமுட் கடல் தொலைவில் இல்லையாதலால், குடிக்கத்தக்க நீர் கிடைத்த இடத்தைப் பெயரிட்டுப் போற்றியதில் தவறில்லை. ஆனால் அதே தாவார் மலாய் மொழியில் பேரம் பேசுவதையும் குறிக்கும். கடைகளில் இப்போது விலைப்பலகை தொங்குகிறது. அங்கே பேரம் பேசிப் பாருங்கள்; இவ்வூரில் ஆயர் மட்டுமே தாவார் என்பது விளங்கிவிடும்.

ஈப்போவிலிருந்து பங்கோர் தீவுக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் இந்த ஊரைப் பஸ் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்கினால் இப்பகுதிச் சீனர் சுடும் 'கோம்பியாங்' ரொட்டியைத் தின்று பார்க்கலாம். மாவை வட்டமாகத் தட்டி, எள் தூவி, சூடேறிய அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். வட இந்தியர் தந்தூரி அடுப்பில் செய்வதும் இதே வேலைதான். பதினாறாம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரோடு போரிட்ட சீ ஜிகுவாங் என்ற சீனத் தளபதி, ரொட்டியின் நடுவில் துளையிட்டுக் கயிற்றில் கோத்துப் படைவீரரின் கழுத்தில் மாட்டிவிட்டதாகக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, உட்கார்ந்து தின்ன நேரமில்லாதவனுக்காக ஒருவர் யோசித்திருக்கிறார். நம் தோட்டங்களுக்கு அப்படி ஒரு தளபதி வாய்க்கவில்லை. (பன்றிக்கறி வைத்ததும் உண்டு, வெறும் ரொட்டியும் உண்டு, வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள்.)

இந்த ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் பூச்சோவ் சீனர்கள். 1903ஆம் ஆண்டு லூரிங் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் அவர்களைச் சித்தியவானில் குடியேற்றினார். நெல் விளைவிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் கடைசியில் ரப்பரை நட்டார்கள். நம் பாட்டன்மாரோ நெல் விளையும் மண்ணை விட்டுவந்து ரப்பர் மரத்தைச் சீவினார்கள். இரு கூட்டமும் கூடி விளைவித்த பொருளைக் கடிக்கக்கூட முடியாது! அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் நின்றதும் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று.

1950களில் தோட்டக் கூலியை ரப்பர் விலையோடு முடிச்சுப் போட்டார்கள். கொரியப் போரால் 1950, 51இல் ரப்பர் விலை ஏறிற்று, பிறகு விழுந்தது. கடிக்க முடியாத பொருளின் விலையைப் பார்த்துக் கூலி ஏறி இறங்கியதே தவிர, கடிக்கிற பொருளின் விலையை எவரும் கணக்கில் கொள்ளவில்லை. விற்கிறவனுடைய கணக்கே கணக்கு. தின்கிறவனுடைய கணக்கு வீட்டுக்காரியின் முந்தானையில்!

இது பழங்கதையன்று. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குத் தாவிற்று. கிலோ 2 வெள்ளி 60 காசு என்று கட்டுப்படுத்தியிருந்த உள்நாட்டு அரிசியோ பல கடைகளில் கண்ணிலேயே படவில்லை. விலை குறைவுதான், அரிசிதான் இல்லை! அன்று மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. அது 1,700 ஆனது 2025 பிப்ரவரியில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை ஆராய வேண்டும் என்கிறது சட்டம். அரிசி அவ்வளவு பொறுமைசாலி அன்று. ஓர் இரவு போதும் அதற்கு.

ஆகவே அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிர்ப்பக்கத்தார் ரப்பர் விலைப் பட்டியலை மேசைமீது விரிப்பார்கள். விரிக்கட்டும். நம்மவர்கள் ஆயர் தாவார் மளிகைக் கடை ரசீதுகளை, மாதத்துக்கு ஒன்றாக ஓராண்டுக்கு அடுக்கி, அதன் பக்கத்தில் வைக்கட்டும். ரசீதைக் கசக்கி எறியாமல் எடுத்து வைப்பது நம் வேலை. கூட்டிப் போட்டுத் தருவதற்குக் கிராணிமார் இருக்கிறார்கள்.