புன்னகை மன்னனைக் கேட்ட காதுகள்

கைக்குப் பழகிய வாத்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அதுவரை தன் ஜனங்கள் கேட்டிராத ஒரு நாதத்தைத் தேடிக்கொண்டு ஒரு கலைஞன் புறப்படும்போது, அவனைக் கொண்டாடி வந்த ரசிகர்களும் எடைபோட்டு வந்த விமர்சகர்களும் என்ன சொன்னார்கள், எதற்காகக் கோபித்தார்கள், எப்போது சமாதானமடைந்தார்கள் என்பதையெல்லாம் எழுதி வைப்பது, கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதுவதற்குச் சற்றும் குறையாத இலக்கியக் காரியம் என்று நாம் கருதுகிறோம். கிதாரை நம்பிப் பிறந்த மேல்நாட்டு இசைக்குழு ஒன்று சின்தசைசரைக் கொண்டு ஓர் ஆல்பம் செய்துவிட்டால், அதைப் பற்றி அங்கே வருஷக்கணக்கில் எழுதித் தீர்க்கிறார்கள். நம் நாட்டில் அதே விஷயம் லட்சோப லட்சம் காதுகளின் முன்னே நடந்தேறியிருக்கிறது. அதற்கு இருக்கும் எழுத்துச் சாட்சியோ மிகச் சொற்பம்.

நாம் சொல்வது 1986ஆம் ஆண்டை. அவ்வருஷம் மே மாத இறுதியில் வந்த ‘விக்ரம்’ படத்தில், சுஜாதாவின் விஞ்ஞானக் கதைக்குப் பொருந்தும் வகையில், இளையராஜா மின்னணு ஒலிகளைத் தாராளமாகப் புழங்கவிட்டார். தீபாவளிக்குக் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ வந்தது. கம்ப்யூட்டரின் துணையோடு, சீக்வென்சர் என்னும் கருவியில் இசை கோக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் என்று இன்றளவும் அதைத்தான் சொல்கிறார்கள். அக்காலத்தில் திலீப் என்ற பெயரோடு இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மான் அந்த வேலையில் உடனிருந்தவர். ஸ்வரங்களையும் அவற்றின் கால அளவையும் ஒவ்வொன்றாகப் பதிந்து கொடுத்துவிட்டால், யந்திரம் அவற்றை எத்தனை முறை கேட்டாலும் மயிரிழை பிசகாமல் வாசித்துத் தரும். மனிதக் கையின் லயத்தில் இயல்பாகவே நேரும் இம்மியளவு முந்துதலும் பிந்துதலும் அதில் இரா. கமலஹாசனும் ரேவதியும் ஆடும் நடனத்துக்கென்று இப்படத்தில் அமைந்த இசைத்துண்டின் அழகே, அப்படிப் பிசகாத ஒரு தாளக்கட்டின் மேல் சின்னஞ்சிறு ஸ்வரக்கோவை ஒன்று திரும்பத் திரும்ப வந்து விழுவதில்தான் இருக்கிறது. அதே படத்தில், அதிரப்பள்ளி அருவியோரக் காட்சிக்காக எஸ்.பி. பாலசுப்பிரமணியம் குரலைத் தாழ்த்திப் பாடிய பாட்டைக் கேட்கிறவருக்கு யந்திரம் என்ற நினைப்பே எழாது. இன்னும் ஒரு விசேஷம்: தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கி, வி.எஸ். நரசிம்மனின் வயலினை உயிர்நிலையாகக் கொண்டு, சினிமாவின் தயவின்றித் தனி ஆல்பமாக இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்பதும் அதே 1986இல் வந்ததுதான். வில்லும் தந்தியும் ஒரு கையில், சீக்வென்சர் மறு கையில் என்று ஒரே வருஷத்தில் இயங்கிய கலைஞனுக்கு, உயிருள்ள வாத்தியம் என்றும் உயிரற்ற யந்திரம் என்றும் நாம் பிரித்துவைத்த பிரிவினை பொருட்டாகவே இருந்ததில்லை என்பது இதனால் பிரத்தியட்சமாகிறது.

ஆனால் கேட்டவர்களுக்கு அது பொருட்டாக இருந்தது. கேட்ட விதத்தையும் இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அபிப்பிராயங்கள் காதில் மட்டும் பிறப்பவையல்ல, காதுக்கு ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கும் சாதனத்திலும் பிறப்பவை. அன்றைய நம் மதுரையில் இரண்டு விதமாகப் பாட்டு கேட்டார்கள். துண்டுச் சீட்டில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதி, அறுபது நிமிஷக் கேசட்டில் எத்தனை கொள்ளும், தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் எத்தனை கொள்ளும் என்று கணக்குப் பார்த்து, ரெக்கார்டிங் சென்டரில் அதைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்த இளைஞர்கள் ஒரு சாரார். கடையின் ஈக்வலைசரில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் ஏறி இறங்க, பெட்டி ஸ்பீக்கரில் அந்தப் புதிய தாளத்தின் அடிநாதம் நெஞ்சில் வந்து தட்டுவதை அவர்கள் அங்கேயே நின்று அனுபவித்தார்கள். மறு சாரார், காதுகுத்து வீட்டிலும் மாரியம்மன் கோயில் பொங்கலிலும் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் கேட்டவர்கள். கூம்பு வடிவான அந்தக் குழாய், மேல் ஸ்தாயியை மைல் தூரம் கொண்டுசெல்லும். மந்த்ர ஸ்தாயியை விழுங்கிவிடும். வயலின்களுக்கும் நாகஸ்வரத்துக்கும் அது உகந்தது; கம்ப்யூட்டர் தாளத்தின் கனமான அடிநாதமோ அதில் வெறும் ‘டக் டக்’ என்ற தட்டலாகத் தேய்ந்துபோகும். ஆகவே ‘ஜீவனே இல்லை, வெறும் கம்ப்யூட்டர் சத்தம்’ என்று பந்தலில் உட்கார்ந்து சொன்ன பெரியவரும், ‘இதைப்போல் இதுவரை வந்ததில்லை’ என்று கடை வாசலில் நின்று சொன்ன மாணவனும் ஒரே பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள் என்று சொல்வதற்கில்லை. இருவருமே தத்தம் காதுக்கு வந்ததை உள்ளபடி சொன்னவர்கள். இந்த நுட்பத்தைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டியவர் விமர்சகர். அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

வராததற்குக் காரணமும் உண்டு. புதிய வாத்தியத்தை முதலில் சந்தேகிப்பதே சாஸ்திரஞானத்துக்கு அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. ஹார்மோனியத்தின் கதை இதற்குப் போதிய சாட்சி. கமகத்துக்கு இடம் கொடாத பெட்டி என்று வித்துவான்கள் ஆக்ஷேபித்ததன் பேரில், அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் அதை விலக்கி வைத்தது. 1971 வரையில் அந்தத் தடை தளரவில்லை. அந்த முப்பது வருஷமும் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் நடந்த ஸ்பெஷல் நாடகங்களில், சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இரவு தொடங்கி விடியும் வரை நடக்கையில், மேடையின் ஓரத்தில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்த பின்பாட்டுக்காரரே நாடகத்துக்கு முதுகெலும்பாக இருந்தார். நாரதர் எந்தச் சுருதியில் எடுப்பார், வேடன் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதறிந்து, குரல் சோரும் இடத்தில் தம் குரலால் தாங்கி, வசனத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் விழும் மௌனத்தை விரலால் நிரப்பியவர் அவர். வானொலி நிலையத்துக்குள் சங்கீதமென்று ஏற்கப்படாத அப்பெட்டி பொட்டலில் சங்கீதமாகவே வாழ்ந்தது. சின்தசைசரைப் பற்றி நம்மவர் முதலில் பேசியவற்றைக் கேட்கும்போது, ஹார்மோனியத்தைப் பற்றிப் பேசிய அதே வாதங்கள் பெயர் மாற்றிக்கொண்டு வந்தன என்றே தோன்றுகிறது.

‘புன்னகை மன்னன்’ வந்து ஆறு வருஷம் கழித்து, 1992 ஆகஸ்டு 15ஆம் தேதி வந்த ‘ரோஜா’ படத்தின்போது இந்தச் சர்ச்சை ஊரறிந்த சண்டையாயிற்று. அன்று திலீப்பாக உடனிருந்தவரே இன்று இசையமைப்பாளர், தயாரித்தது பாலசந்தரின் கவிதாலயா, பாட்டெழுதியவர் வைரமுத்து. அதே ஆண்டு தீபாவளிக்கு இளையராஜாவின் ‘தேவர் மகன்’ வந்தது. நம் வட்டாரத்து மண்ணையும் பேச்சையும் சுமந்த அந்தப் படத்தின் பாட்டுகளை ஒரு கையிலும் ரோஜாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சுகளில் நடந்த வாதப்பிரதிவாதங்களை நினைவில் வைத்திருப்போர் இவ்விதழின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். தேசிய விருதுக் குழுவிலும் இவ்விரண்டுக்கும் வாக்குகள் சமமாக நின்றன என்றும், குழுத் தலைவரான பாலு மகேந்திரா தமது வாக்கை ரோஜாவுக்கு அளித்தார் என்றும் அறிகிறோம். ‘மூடுபனி’ தொட்டுத் தம் படங்களை இளையராஜாவிடமே ஒப்படைத்து வந்த ஒருவர், நேசம் ஒரு பக்கம் இழுக்க, காதில் விழுந்த புதுமைக்கு நியாயம் செய்தார் என்பதை, தமிழ் இசை விமர்சனத்தின் மிக உயர்ந்த தருணங்களில் ஒன்றாக நாம் மதிக்கிறோம். அப்படிச் சொல்வதனால் தேவர் மகன் ஒரு படி கீழே போய்விடவில்லை. இரண்டுமே நிலைத்து நிற்கின்றன.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். ‘யந்திர இசைக்கு ஜீவன் இல்லை’ என்ற புகாரின் அடியில், அழகியலுக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் அழகியலைவிடக் கனமான ஒரு துயரம் இருந்தது. அது வாத்தியக்காரர்களின் ஜீவனம். விஜி மானுவலின் கீபோர்டும் சதானந்தத்தின் கிதாரும் புருஷோத்தமனின் டிரம்ஸும் முன்னே நிற்க, பின்னே வரிசை வரிசையாக வயலின்காரர்கள் உட்கார்ந்து, இளையராஜா எழுதிக் கொடுத்த ஸ்வரக் குறிப்பைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்த ஒலிப்பதிவுக் கூடம், எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிந்த இடம். ஒரு கீபோர்டு ஒரு வயலின் வரிசையின் சாயலைத் தந்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் கண்டுகொண்ட நாளிலிருந்து கால்ஷீட்டுகள் குறையத் தொடங்கின. கலைஞனின் தேடலுக்காகப் பிறந்த சாதனம் முதலாளியின் சிக்கனத்துக்குக் கருவியான கதை இது. இதைப் பற்றி நம் விமர்சகர்கள் வாய் திறந்திருந்தால், ரசிகர்களின் கோபத்துக்கு ஒரு நேரான வழி கிடைத்திருக்கும். பாட்டின் மேல் விழுந்த பழி, விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கும். புன்னகை மன்னனின் அந்த இசைத்துண்டில் யந்திரம் எவருடைய இடத்தையும் பிடுங்கவில்லை, மனிதக் கையால் ஆகாததைச் செய்தது. அது என்றும் நிற்கும் என்பதே எம் தீர்ப்பு. பின்னே வந்த அநேகம் பாட்டுகளில் யந்திரம் மனிதனின் கூலியை மிச்சம் பிடிப்பதற்காகவே புகுந்தது; அவற்றில் பெரும்பாலானவை இன்று எவர் நாவிலும் இல்லை.

வெளியுலகிலும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. நம் மதுரையைப் போலவே பஞ்சாலைச் சங்கொலியில் வளர்ந்த மான்செஸ்டரில், 1980இல் தம் பாடகரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ‘ஜாய் டிவிஷன்’ குழுவினர், ‘நியூ ஆர்டர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, கிதாரின் இருட்டிலிருந்து சீக்வென்சரின் நடனத் தாளத்துக்கு வந்து 1983இல் வெளியிட்ட ‘ப்ளூ மண்டே’ இசைத்தட்டு, சிறு நிறுவனமொன்றின் வெளியீடாக இருந்தும் விற்பனையில் சரித்திரம் படைத்தது. கனடாவில் பிறந்த நீல் யங்கின் அனுபவமோ இதற்கு நேர்மாறு. பேசும் சக்தி வாய்க்காமல் பிறந்த தம் மகனோடு உரையாட முடியாத தவிப்பை, குரலை யந்திரத்தினுள் செலுத்தி அடையாளம் தெரியாமல் ஆக்கும் ‘வோகோடர்’ கருவியின் மூலம் வெளியிட்டு அவர் செய்த ‘டிரான்ஸ்’ என்ற ஆல்பத்தை ரசிகர்கள் புரியாமல் ஒதுக்கினார்கள். அவருடைய இசைத்தட்டு நிறுவனமோ, அவர் தமக்குரிய இயல்பில் பாடவில்லை என்று 1983இல் முப்பத்து மூன்று லட்சம் டாலர் கேட்டு அவர்மீதே வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு பிற்பாடு கைவிடப்பட்டது. ஒரு தகப்பனின் வேதனை அந்த யந்திரக் குரலுக்குள் இருந்தது என்பது வெகுகாலம் கழித்தே உலகுக்குத் தெரியவந்தது.

நீல் யங்கின் கதை நமக்குத் தெரிகிறது, எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதால். நம் கதைக்கு எழுத்து இல்லை. இளையராஜாவைப் பற்றிப் பிரேம்–ரமேஷ் எழுதிய நூலைப் போன்ற ஓரிரு அரிய முயற்சிகளை விட்டால், ஒவ்வொரு கவிதை வரிக்கும் பக்கம் பக்கமாகச் சண்டையிட்ட நம் சிற்றிதழ்கள், சினிமாப் பாட்டென்றால் பக்கத்தை மூடிக்கொண்டன. டி.எம். சௌந்தரராஜனும் எம்.எஸ். சுப்புலக்ஷ்மியும் பிறந்த இந்த ஊரில், ஜனங்களின் காது எப்படி மாறியது என்பதற்குப் பதிவேடு இல்லாதது பெருங்குறை. ரெக்கார்டிங் சென்டர்கள் மூடிவிட்டன, குழாய் ரேடியோவையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, கேட்டவர்களுக்கோ வயதாகிவருகிறது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இதற்கென்று ஒதுக்க நிச்சயித்திருக்கிறோம். 1986இலும் 1992இலும் இந்தப் பாட்டுகளை முதலில் எங்கே, எந்தச் சாதனத்தில் கேட்டீர்கள், என்ன சொன்னீர்கள், யாரோடு வாதிட்டீர்கள், பின்பு அபிப்பிராயம் மாறியதா என்பதை வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். கச்சேரி மேடையிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ வாசித்து, பின்னர் அழைப்பு நின்றுபோன வாத்தியக்காரர்கள் எழுதினால், அவர்களுடைய கடிதங்களை முதல் பக்கத்தில் வெளியிடுவோம். பழைய பாட்டுச் சீட்டுகளோ கேசட் உறைகளோ வைத்திருப்பவர்கள் நகல் அனுப்பினால் போதும். தேதி ஞாபகமிருந்தால் குறித்து அனுப்புங்கள்.