குருசடைத் தீவு: அமைதியின் விலை யாருக்கு?

வாகன இரைச்சலற்ற தீவைக் காண மாலத்தீவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பாம்பனை அடுத்த குந்துகாலில் படகேறினால் குருசடைத் தீவை அடையலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் உள்ளடக்கி, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் கீழக்கரை அருகேயுள்ள பூவரசன்பட்டி உள்ளிட்ட இரு தீவுகள் நீரில் மூழ்கின. எனவே, பாதுகாப்பின் தேவையை மறுப்பதற்கில்லை.

ஆனால், பொருளியல் பயின்றவன் என்ற முறையில் நான் எழுப்பும் கேள்வி, அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே. தலைமுறைகளாக இங்கு கடற்பாசி சேகரித்த மீனவப் பெண்களுக்குத் தடை. கட்டணம் செலுத்தும் பயணிக்கு வரவேற்பு. படகுகளுக்கு வரம்பு விதிப்பதும், சுற்றுலா வருவாயில் அப்பெண்களுக்குச் சட்டப்படியான பங்கு அளிப்பதுமே நியாயம். தீவின் அமைதிக்குக் கரையின் வறுமை விலையாகக் கூடாது.